என்ஜின் வலுத்தால் பிரேக்கும் வலுக்க வேண்டும்: பழைய கார்களின் பவர் பிரேக்கும் குறைந்த வெற்றிடமும்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓடிய செவ்ரோலே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங், பான்டியாக் ஜிடிஓ போன்ற கார்கள், சிறிய அல்லது நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி8 என்ஜினைத் தாங்கியிருந்ததால் ‘மஸில் கார்’ என்று பெயர் பெற்றவை. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவற்றை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவோர் அந்நாட்டில் ஏராளமாக உள்ளனர். புதுப்பிப்போர் பலர் முதலில் கைவைப்பது என்ஜினில்தான். கேம் ஷாஃப்ட்டை மாற்றிக் குதிரைத்திறனைக் கூட்டிய பின், அதுவரை மென்மையாக இறங்கிய பிரேக் பெடல் விறைத்து, மெதுவாக ஊரும் காரை நிறுத்துவதற்கே காலின் முழு வலுவும் தேவைப்படுகிற நிலை ஏற்படுவதுண்டு. பிரேக் லைனிங் புதியதாக இருக்கலாம். பிரேக் ஆயில் எங்கும் கசியாமல் இருக்கலாம். இருந்தும் பெடல் இறங்காது. பவர் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் என்ஜினிலிருந்தே கிடைக்கிறது என்பதும், என்ஜினின் வலுவைக் கூட்டிய அதே மாற்றம் அந்த வெற்றிடத்தைக் குறைத்துவிட்டது என்பதுமே இதற்குக் காரணம். ஆகவே என்ஜினை மாற்றுவோர் பிரேக்கையும் உடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு கடினமானதன்று. ஆனால் அதைச் செய்யாமல் விலை உயர்ந்த பாகங்களை வாங்கிப் பொருத்துவது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

பூஸ்டர் இயங்கும் முறை

பெடலை மிதிக்கும்போது அதனுடன் இணைந்த தண்டு, மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் ஆயிலை அழுத்த, அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களையும் அடைந்து, டிரம் பிரேக்கில் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தில் உரசச் செய்கிறது. டிஸ்க் பிரேக்கில் சுழலும் தட்டை இருபுறமும் பேடுகளால் இறுகப் பற்றச் செய்கிறது. பவர் பிரேக் உள்ள காரில் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே, என்ஜின் அறையின் பின்சுவரில், வட்டமான தகரக் கூடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இதுவே வேக்குவம் பூஸ்டர்.

இந்தக் கூட்டை டயாஃப்ரம் என்னும் ரப்பர்த் திரை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிக்கிறது. பெடலைத் தொடாத நிலையில் இரண்டு அறைகளிலும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமே நிலவும். பெடலை மிதித்தவுடன் பூஸ்டரின் நடுவே உள்ள சிறு வால்வு திறந்து, பெடல் பக்கத்து அறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் வெற்றிடம் என்றாகும்போது காற்றழுத்தம் டயாஃப்ரத்தை முன்னோக்கித் தள்ளி, ஓட்டுநரின் காலுக்குத் துணையாக மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. உதவி செய்வது உண்மையில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றே. காற்றின் அழுத்தம் ஒருபக்கமாகச் செயல்பட வழி செய்வது மட்டுமே வெற்றிடத்தின் வேலை.

இந்த உத்தியைப் பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டிவாண்டர் உருவாக்க, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் அதைக் கனரக வாகனங்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் பியர்ஸ்-ஏரோ கார்களில் வெற்றிடத்தால் இயங்கும் பிரேக் இடம்பெற்றது. வடிவம் பலவாறு மாறினாலும் அடிப்படைத் தத்துவம் இன்றும் அதுவே.

வெற்றிடத்தின் அளவைப் பாதரச அங்குலத்தில் குறிப்பது பழைய கார் உலகின் வழக்கம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 29.92 அங்குலப் பாதரசத்துக்குச் சமம். அதிலிருந்து எத்தனை அங்குலம் குறைந்திருக்கிறது என்பதே வெற்றிட அளவு. 9 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு ஏறத்தாழ 410 சதுர சென்டிமீட்டர். வெற்றிடம் 18 அங்குலம் இருந்தால் அதன்மீது செயல்படும் விசை சுமார் 255 கிலோ. வெற்றிடம் 10 அங்குலமாகக் குறைந்தால் அதே டயாஃப்ரம் தரக்கூடியது சுமார் 142 கிலோ மட்டுமே. ஏறத்தாழ 110 கிலோ உதவி பறிபோன பின் பெடல் விறைப்பதில் வியப்பில்லை.

வெற்றிடம் ஏன் குறைகிறது

ஊசிக் குழலின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை இழுத்தால் விரல் உறிஞ்சப்படுவதைப் போன்றதே பெட்ரோல் என்ஜினில் நடப்பதும். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் கார்புரேட்டரில் உள்ள திராட்டில் தகடு காற்று வழியை ஏறத்தாழ மூடிவிடுகிறது; ஆனால் பிஸ்டன்கள் தொடர்ந்து கீழிறங்கிக் காற்றை உறிஞ்ச முயல்கின்றன. இதனால் கார்புரேட்டருக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே உள்ள இன்டேக் மேனிஃபோல்டு என்னும் குழாய்த் தொகுதியில் வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையிலுள்ள சாதாரண என்ஜின், நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் ஐட்லிங் நிலையில், 17 முதல் 21 அங்குலம் வரை வெற்றிடம் தரும்.

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நுழையும் வால்வையும், எரிந்த புகை வெளியேறும் வால்வையும் உரிய நேரத்தில் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். அதன் மேடுகளின் வடிவமே வால்வு எவ்வளவு நேரம், எவ்வளவு உயரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. உயர்ந்த சுழற்சியில் கூடுதல் வலு தரும் கேம் ஷாஃப்ட், இரண்டு வால்வுகளையும் ஒரே நேரத்தில் சற்று அதிக நேரம் திறந்து வைக்கிறது. இதை ஓவர்லாப் என்பர். நிமிடத்துக்கு ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் சுற்றுகளில், வெளியேறும் புகையின் வேகமே புதிய காற்றை உள்ளே இழுத்துவர இந்த ஓவர்லாப் துணைசெய்கிறது. ஆனால் ஐட்லிங்கில் அதே ஓவர்லாப், எரிந்த புகை திரும்பி மேனிஃபோல்டுக்குள் புகுவதற்கு வழிவிட்டு வெற்றிடத்தைக் குலைத்துவிடுகிறது. இத்தகைய என்ஜின் ஐட்லிங்கில் ஒரே சீராக ஓடாமல் குலுங்கிக் குலுங்கி ஓடும்; அந்த ஒலியை விரும்புவோர் பலர். அந்த ஒலி கேட்குமிடத்தில் வெற்றிடம் 8 முதல் 12 அங்குலத்துக்குள் இருப்பது இயல்பு.

கார் நிறுவனங்களே இத்தகைய கேம் ஷாஃப்ட்டைப் பொருத்தி விற்றதும் உண்டு. ஐந்து லிட்டருக்கு மேற்படாத என்ஜின்களுக்கான டிரான்ஸ்-ஆம் பந்தயத்தை முன்னிட்டு 1967இல் செவ்ரோலே வெளியிட்ட கமாரோ இசட்/28, உயர் சுழற்சிக்கென வடிவமைத்த 302 கன அங்குல என்ஜினுடன் வந்தது. அவ்வாண்டில் 602 கார்களே தயாராயின. பந்தயத் தேவைக்கு உருவான இத்தகைய என்ஜின் அமைப்பை அன்றாடச் சாலைக்குக் கொண்டுவரும்போது பிரேக்கின் தேவை மறக்கப்படுவதே இன்றைய சிக்கலின் வேர்.

இந்தக் குறைபாடு எல்லா வேகங்களிலும் ஒரே அளவாகத் தோன்றுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், என்ஜின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் திராட்டில் மூடிவிடுவதால், பெரிய கேம் ஷாஃப்ட் உள்ள என்ஜினும் ஓரளவு நல்ல வெற்றிடம் தரும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி நிறுத்தும்போதும், அடுத்தடுத்துப் பலமுறை பெடலை மிதிக்கும்போதும்தான் உதவி தீர்ந்துபோகிறது. நெடுஞ்சாலையில் ஒருமுறை நன்றாக நின்றுவிட்டதை வைத்துப் பிரேக் சரியாக உள்ளது என்று முடிவு செய்வது இதனாலேயே ஆபத்தானது.

மாற்றுவதற்கு முன் அளத்தல்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது வேக்குவம் கேஜ் என்னும் அளவியை மேனிஃபோல்டில் இணைத்து அளப்பதே. என்ஜின் முழுச் சூடு அடைந்த பின், ஐட்லிங்கில் அளவெடுக்க வேண்டும்; ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில், பார்க்கிங் பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்குத் தடை வைத்துக் கியரில் இட்டும் அளக்க வேண்டும், ஏனெனில் கியரில் உள்ளபோது வெற்றிடம் மேலும் குறையும். ஊரின் உயரமும் கணக்கில் வரும். ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிடச் சுமார் 5 அங்குலம் குறைவு என்பதால், சமவெளியில் தட்டுத்தடுமாறிப் போதுமானதாக இருந்த பிரேக் அங்கே போதாமல் போகும்.

குறைந்த அளவுக்கு எப்போதும் கேம் ஷாஃப்ட்டே காரணமாக இருப்பதில்லை. இற்றுப்போன ரப்பர்க் குழாய், கார்புரேட்டரின் அடியில் தேய்ந்த கேஸ்கெட், தவறான இக்னிஷன் டைமிங் ஆகியவையும் வெற்றிடத்தைக் குறைக்கும். இவற்றைச் சீர்செய்தாலே சில அங்குலம் கூடிவிடுவதுண்டு. பூஸ்டருக்குச் செல்லும் குழாய் எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். கார்புரேட்டரில் திராட்டில் தகட்டுக்கு மேலே அமைந்த துளையில் ஐட்லிங்கின்போது வெற்றிடமே இருக்காது; தனியொரு சிலிண்டருக்குச் செல்லும் கிளையில் எடுத்தால் அளவு துள்ளிக்கொண்டே இருக்கும்; எல்லாக் கிளைகளும் சேரும் நடுப்பகுதியில் எடுப்பதே சரி. அந்தக் குழாயும் வெற்றிடத்தால் உள்ளொடுங்காத, பிரேக் பூஸ்டருக்கென்றே தயாரான வகையாக இருக்க வேண்டும்.

பூஸ்டரையும் எளிதாகச் சோதிக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, உள்ளே எஞ்சிய வெற்றிடம் தீரும்வரை பெடலைப் பலமுறை மிதித்து, பின் மிதித்தபடியே என்ஜினை இயக்கினால், நல்ல பூஸ்டராயின் பெடல் காலடியில் சற்றுக் கீழிறங்கும். இறங்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அல்லது காற்றை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் செக் வால்வு பழுதாகியிருக்கலாம். இவை அனைத்தும் சரியாக இருந்து, வெற்றிடம் 16 அங்குலத்துக்கு மேலும் இருந்தால் வழக்கமான பூஸ்டரே போதும். அதற்குக் கீழே இறங்க இறங்க மாற்று வழி தேவைப்படும்.

நெம்புகோலும் உருளையின் விட்டமும்

செலவு குறைந்த முதல் மாற்றம் பெடலிலும் மாஸ்டர் சிலிண்டரிலும் உள்ளது. பெடல் ஒரு நெம்புகோல். பவர் பிரேக் உள்ள கார்களில் அதன் பெருக்கம் சுமார் நான்கு மடங்கு. பூஸ்டர் இல்லாத கார்களில் சுமார் ஆறு மடங்கு. காலால் 30 கிலோ விசை தந்தால், முன்னதில் தண்டுக்கு 120 கிலோவும் பின்னதில் 180 கிலோவும் கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றின் பெடலில் இவ்விரண்டு அமைப்புக்குமாக இரண்டு துளைகள் உண்டு. பெடல் தொங்கும் அச்சுக்கு அருகில் உள்ள மேல்துளை பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு உரியது, கீழ்த்துளை பூஸ்டருக்கு உரியது.

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் சிறிதானால் அதே விசைக்கு அழுத்தம் கூடும். 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குப் பதிலாக 25.4 மில்லிமீட்டர் உருளையைப் பொருத்தினால் பரப்பு குறைந்து, பிரேக் ஆயிலின் அழுத்தம் சுமார் 27 விழுக்காடு உயரும். ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ளப் பெடல் 27 விழுக்காடு கூடுதல் தூரம் இறங்க வேண்டும். விசையும் தூரமும் ஒன்றுக்கொன்று விலையாக அமைவதால், பெடல் தரையைத் தொடாத அளவில் நின்றுகொள்வதே தேர்வின் எல்லை.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறுவோர் இங்கே தனிக் கவனம் செலுத்த வேண்டும். டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்குவதால் குறைந்த அழுத்தத்திலும் பிடி கிடைக்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தற்பெருக்கம் இல்லாததால் அதற்கு மிகுந்த அழுத்தம் தேவை. வெற்றிடம் குறைந்த காரில் மற்றவற்றை மாற்றாமல் டிஸ்க்கை மட்டும் பொருத்தினால், மேம்பாடு என்று எண்ணிச் செய்த வேலை பெடலை இன்னும் விறைப்பாக்கிவிடும்.

1967க்கு முந்தைய பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழியே இருந்தது. ஓரிடத்தில் கசிந்தால் பிரேக் முழுவதும் போய்விடும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி வழி அமைத்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடல் கார்களில் பரவலாயிற்று. மஸ்டாங்கும் அவ்வாண்டில்தான் அதற்கு மாறியது. அதற்கு முந்தைய காரைப் புதுப்பிப்போர் பூஸ்டரைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே இந்த மாற்றத்தைச் செய்வது கடமை.

பூஸ்டரின் பரப்பைக் கூட்டுதல்

குறைந்த வெற்றிடத்தை அதிகப் பரப்பால் ஈடுசெய்யலாம். ஒரே கூட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டயாஃப்ரங்களைக் கொண்ட பூஸ்டர் இதற்கென்றே உள்ளது. 8 அங்குல இரட்டை டயாஃப்ரத்தின் மொத்தப் பரப்பு சுமார் 650 சதுர சென்டிமீட்டர். 10 அங்குல வெற்றிடத்திலும் அது சுமார் 224 கிலோ விசை தரும். முன்பு 18 அங்குலத்தில் 9 அங்குல ஒற்றை டயாஃப்ரம் தந்த 255 கிலோவுக்கு இது நெருங்கிய அளவு. 11 அங்குல ஒற்றை டயாஃப்ரமும் ஏறத்தாழ இதே விசையைத் தரும் என்றாலும், பெரிய வி8 என்ஜினின் வால்வு மூடி அதற்கு இடம் விடுவதில்லை. இடநெருக்கடி உள்ள காரில் இரட்டை டயாஃப்ரத்தின் சிறப்பு இதுவே. இந்தக் கணக்கு உச்ச விசையைக் குறிப்பது; தண்டின் பரப்பையும் உள்ளே உள்ள ஸ்பிரிங்கின் எதிர்ப்பையும் கழித்தால் உண்மையில் கிடைப்பது இன்னும் சற்றுக் குறையும்.

வெற்றிடத்தைச் சேமித்தலும் உண்டாக்குதலும்

வேக்குவம் ரிசர்வாயர் என்பது செக் வால்வுடன் கூடிய காலி உருளை. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை விடும்போது எழும் நல்ல வெற்றிடத்தை அது சேமித்து, பின்வரும் ஒன்றிரண்டு மிதிப்புக்குத் தரும். ஆனால் சேமிப்புக் கலம் வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை. நகரத் தெருக்களிலேயே ஓடும் காரில் என்ஜின் 10 அங்குலமே தருமாயின், ரிசர்வாயரிலும் 10 அங்குலமே இருக்கும். இதைப் பொருத்திவிட்டுச் சிக்கல் தீர்ந்ததாக நம்புவது பரவலான பிழை.

உண்டாக்கும் வழி, மின்சார வேக்குவம் பம்ப். டீசல் வண்டிகளை அறிந்தோருக்கு இந்தக் கருத்து புதிதன்று. டீசல் என்ஜினில் காற்று வழியை மூடும் திராட்டில் பொதுவாக இல்லாததால் மேனிஃபோல்டில் வெற்றிடமும் இல்லை; அதனால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் டீசல் கார்களிலும் வேன்களிலும் என்ஜின் சுழற்றும் தனிப் பம்ப் ஒன்று, பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டு, பூஸ்டருக்கு வெற்றிடம் தருகிறது. பழைய பெட்ரோல் காரில் அதே வேலையை மின்மோட்டார் கொண்ட பம்ப் செய்யும். வெற்றிடம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இயக்கவும், போதிய அளவு ஏறினால் நிறுத்தவும் அழுத்த உணர் சுவிட்ச் ஒன்று வேண்டும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக மின்சாரம் தர வேண்டும். என்ஜினுக்கும் பம்புக்கும் தனித்தனிச் செக் வால்வு வேண்டும். வெற்றிடம் குறையும்போது எரியும் எச்சரிக்கை விளக்கை டேஷ்போர்டில் அமைப்பது சிறு செலவில் பெரும் பாதுகாப்பு. பம்ப் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்று பொருள். பம்ப் எரிந்துபோவதற்குள் அதைக் கண்டறிய வேண்டும்.

வெற்றிடம் வேண்டாத வழிகள்

வெற்றிடத்தை முற்றிலும் கைவிடும் வழிகளுள் நன்கு நிலைபெற்றது ஹைட்ரோபூஸ்ட். பென்டிக்ஸ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த இக்கருவி, பவர் ஸ்டியரிங் பம்ப் உண்டாக்கும் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டே மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுகிறது. வேக்குவம் பூஸ்டரைவிடச் சிறிய இடத்தில் அதைவிட மிகுந்த விசை தருவதால், 1996 முதல் ஃபோர்டு மஸ்டாங்கின் வி8 வகைகளில் நிறுவனமே இதைப் பொருத்தியது. என்ஜின் நின்றுபோனாலும் சிலமுறை மிதிக்கப் போதுமான அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் இதில் உண்டு. ஸ்டியரிங் எண்ணெயையும் பிரேக் ஆயிலையும் மறந்தும் கலக்கக் கூடாது. ஸ்டியரிங் எண்ணெய் துளி புகுந்தாலும் பிரேக்கின் ரப்பர்ச் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

பாஷ் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய ஐபூஸ்டர் மின்மோட்டாரால் இயங்குவது. வெற்றிடமே இல்லாத மின்கார்களில் பெரிதும் பயன்படுகிறது. பழைய கார்களிலும் சிலர் இதைப் பொருத்துகின்றனர். ஆனால் அதன் மின்னணுக் கட்டுப்பாடு அது பிறந்த காரின் மற்ற அமைப்புகளோடு உரையாடுவதற்கென எழுதப்பட்டது. அந்த அமைப்புகள் இல்லாத காரில் அதைப் பொருத்துவது தேர்ந்த மின்னணு அறிவு உள்ளோருக்கே உரிய வேலை.

பூஸ்டரையே நீக்கிவிடுவதும் மதிப்புமிக்க வழியே. ஆறு மடங்குப் பெருக்கமுள்ள பெடல், சிறிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர், நன்றாகப் பற்றும் பேடு ஆகிய மூன்றும் பொருந்தி அமைந்தால், ஒன்றரை டன்னுக்கு மேற்படாத காரைக் காலின் வலுவாலேயே உறுதியாக நிறுத்தலாம். திடீரென இல்லாமல் போகக்கூடிய உதவி என்று எதுவும் இதில் இல்லை என்பதே இதன் பெரும் நன்மை.

பொருத்திய பின்

எந்த வழியைத் தேர்ந்தாலும், பூஸ்டரின் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்குமாறு சரிசெய்ய வேண்டும். தண்டு நீளமானால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காமல், ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, ஓடஓடப் பிரேக் தானே பிடித்துச் சூடேறும். குட்டையானால் பெடலின் முற்பாதி வீணாகும். முன்சக்கரங்களில் டிஸ்க் பொருத்தியிருந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாதபடி, பின்வழியில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் புரபோர்ஷனிங் வால்வும் வேண்டும். குழாய்களில் காற்றுக் குமிழ் எஞ்சாமல் வெளியேற்றிய பின், ஆள் நடமாட்டமற்ற இடத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் சோதிக்க வேண்டும்.

இறுதியாக, என்ஜினை நிறுத்திப் பூஸ்டரில் எஞ்சிய உதவியைத் தீர்த்துவிட்டு, சமதரையில் ஒருவர் காரை மெல்லத் தள்ள, ஓட்டுநர் பெடலை மிதித்துப் பார்ப்பது அவசியம். உதவி முழுவதும் அற்ற நிலையில் எவ்வளவு கால்வலு தேவை என்பதைச் சாலையில் நெருக்கடி வரும்போது முதன்முறையாக உணரும் நிலை யாருக்கும் வரக் கூடாது. வெற்றிடத்தை அளப்பது, கசிவை நீக்குவது, நெம்புகோலையும் உருளையின் விட்டத்தையும் பொருத்துவது, அதன் பின்னரே பூஸ்டரையோ பம்பையோ தேர்வது என்ற வரிசையைப் பின்பற்றுவோருக்கு, பெரும்பாலும் எண்ணியதைவிடக் குறைந்த செலவிலேயே நல்ல பிரேக் கிடைத்துவிடும். பழைய கார் என்பது ஒரு காலத்தின் பொறியியலைச் சாலையில் உயிரோடு காட்டும் சான்று; அதைக் காப்பாற்ற விரும்புவோர் அதன் வேகத்துக்குக் கொடுக்கும் மதிப்பை அதை நிறுத்தும் ஆற்றலுக்கும் கொடுத்தால்தான், காரும் அதில் செல்வோரும் எதிரே வருவோரும் பத்திரமாக வீடு திரும்ப முடியும்.